சுண்ணாம்பு தடவாத கலயம்

காட்பாடியில் பள்ளி ஓவிய ஆசிரியராக இருக்கும் ஒருவர் எனக்கு எழுதிக் கேட்டது இது. சென்னையில் ஒரு கண்காட்சிக்குப் போயிருக்கிறார். வெளிநாட்டு ஓவியர் ஒருவரின் எட்சிங் வரிசை, அதாவது உலோகத் தகட்டில் கோடுகளை அமிலத்தால் அரித்து, அதிலிருந்து தாளில் அச்செடுத்த படங்கள். எல்லாமே மதுவும் கவிதையும். கோப்பை, திராட்சைக் கொடி, மேசையில் தலை கவிழ்ந்து கிடக்கும் ஒரு ஆள், ஓரத்தில் கிறுக்கலாக இரண்டு வரிப் பாட்டு. பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மூன்று கேள்விகள் அவரைக் குடைகின்றன. இதைச் செய்ய எதற்கு அமிலமும் தகடும், பேனாவும் மையும் போதாதா? அச்சடித்த படத்துக்கு எதற்கு அத்தனை விலை, இன்னும் இருபது பேரிடம் இதே படம் இருக்குமே? கடைசியாக, நம் கள்ளையும் சங்கப் பாட்டையும் வைத்து வேலூரில் உட்கார்ந்து இப்படி ஒரு வரிசை செய்ய முடியுமா?

சார், முதல் கேள்வியும் மூன்றாவதும் கொஞ்சம் நீளும். விலை விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும்.

பனையேறுகிறவர்கள் பாளையைச் சீவிக் கலயம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவியிருந்தால் விடிகாலையில் இறங்குவது பதநீர். தடவாமல் கட்டியிருந்தால் கள். மரம் அதே மரம், சொட்டு அதே சொட்டு. காற்றிலும் கலயத்திலும் இருக்கிற ஈஸ்ட் அந்தச் சாற்றின் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு புளிக்க வைக்கிறது. சுண்ணாம்பு இருக்கும் இடத்தில் அதன் ஜம்பம் பலிப்பதில்லை. எட்சிங் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு நான் எப்போதும் இங்கிருந்துதான் ஆரம்பிப்பேன்.

ஒரு செப்புத் தகடு. அதைத் தேய்த்து, எண்ணெய்ப் பசை போகக் கழுவி, லேசாகச் சூடாக்கி, தேன்மெழுகும் தாரும் ரோசின் என்ற மரப்பிசினும் சேர்ந்த பூச்சை மெல்லிசாகத் தடவுகிறோம். எங்கள் பேச்சில் இதற்குப் பெயர் கிரவுண்ட். ஆறியதும் ஊசியால் வரைகிறோம். ஊசி தாமிரத்தைக் கீறவே வேண்டாம், பூச்சை விலக்கினால் போதும். கருத்த பரப்பில் செம்பு நிறமாகக் கோடு மின்னும். பிறகு தகட்டைக் கரைசலில் இறக்கினால், திறந்து கிடக்கிற செம்பை மட்டும் அது தின்னும். பூச்சு இருக்கிற இடமெல்லாம் பதநீர், ஊசி போன இடமெல்லாம் கள். அவ்வளவுதான் சார் தத்துவம்.

பேனாவில் கோடு கறுப்பாக வேண்டுமானால் அழுத்துவீர்கள். இங்கே கறுப்பைக் கொடுப்பது நேரம். ஐந்து நிமிடத்தில் தகட்டை வெளியே எடுத்துக் கழுவி, மெலிதாக நிற்க வேண்டிய கோடுகளின் மேல் வார்னிஷ் தொட்டு மூடிவிட்டு, மறுபடி இறக்குகிறோம். பத்து நிமிடம் கழித்து இன்னும் சிலவற்றை மூடுகிறோம். கடைசிவரை உள்ளே கிடந்த கோடு ஆழமாக அரிபட்டு, அச்சில் காகிதத்தின் மேல் விரலுக்குத் தட்டுப்படுகிற அளவு மை தாங்கி நிற்கும். கள் குடித்துப் பழகியவர்களைக் கேளுங்கள், காலைக் கள், மதியக் கள், அந்திக் கள் என்று மூன்று ருசி சொல்வார்கள். எட்சிங் தகட்டிலும் அப்படியே. எப்போது வெளியே எடுப்பது என்பதில்தான் கை தெரியும். வரைவதில் பாதி, எடுப்பதில் பாதி.

கோப்பைக்குள் இருக்கும் மதுவின் இருட்டுக்குக் கோடு மட்டும் போதாது. அதற்கு அக்வாடின்ட். ரோசினை மாவாகப் பொடித்துத் தகட்டின் மேல் தூசி படிவது போல விழவிட்டு, கீழிருந்து சூடு காட்டினால் ஒவ்வொரு துகளும் உருகி ஒட்டிக்கொள்ளும். துகளுக்குத் துகள் நடுவில் இருக்கிற இடத்தை அமிலம் அரிக்கும். அச்சில் அது கோடாக வராது, சாயம் தோய்ந்தது போல ஒரே பரப்பாக வரும். நீங்கள் பார்த்த படங்களில் கோப்பையின் அடியில் ஒரு வெல்வெட் கறுப்பு இருந்திருக்கும், அநேகமாக அதுதான்.

இனி நான் சொல்வதற்காகத்தான் இவ்வளவு சுற்றினேன். மது இந்தத் தொழிலுக்குப் படத்தின் பொருளாக வெளியிலிருந்து வந்தது கிடையாது. ஆரம்பத்திலிருந்தே பட்டறைக்குள் புட்டிகளிலும் டப்பாக்களிலும் இருந்தது. 1645இல் பாரிசில் ஆபிரகாம் போஸ் என்பவர் எட்சிங் செய்முறையை நூலாக எழுதினார். அவர் சொல்லும் அரிப்புக் கரைசல் எது தெரியுமா? காடி, நவச்சாரம், உப்பு, செம்புக்களிம்பு. அந்த ஊரில் காடி என்றால் புளித்துப்போன திராட்சை மது. செம்புக்களிம்பையும் பிரான்சின் மோன்பெலியேயில் செப்புத் தகடுகளைத் திராட்சைச் சக்கையோடு அடுக்கி வைத்துத்தான் எடுத்தார்கள். செப்புத்தகட்டு அச்சுக்கு உகந்தது என்று பேர்வாங்கிய பழைய கறுப்பு மை பிராங்ஃபர்ட் கறுப்பு. திராட்சைக் கொடியையும் மதுவின் வண்டலையும் கரியாக்கி அரைத்தது அது. ஆக, அந்தக் காலத்து ஓவியன் மதுக்கடையே வரையாமல் சாமியார் படம் வரைந்திருந்தாலும், அதை அரித்தது மது, கறுப்பாக்கியது மது.

இதில் இன்னொரு கிளை. துத்தநாகத் தகட்டை அரிக்க இப்போது பலர் மயில்துத்தக் கரைசலில் உப்புச் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். சிலர் அதற்கு போர்டோ என்ற மது ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். காரணம் தோட்டக்காரர்களுக்குத் தெரியும்: மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை, 1880களில் பிரான்சில் திராட்சைக் கொடியைத் தாக்கிய பூஞ்சைக்காகக் கண்டுபிடித்தது. நம் பக்கத்துத் தோட்டங்களிலும் அதைத்தான் அடிக்கிறோம்.

ஓவியர்கள் இந்த நெருக்கத்தை என்ன செய்தார்கள் என்று பார்த்தால், நல்ல படங்களில் மது பெரும்பாலும் மூலையில்தான் இருக்கும். பிக்காசோவுக்கு 22 வயதில், 1904இல் செய்த ‘எளிய உணவு’ என்ற எட்சிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் ஒரு பாட்டில், கோப்பையில் கொஞ்சம் மது, காலித் தட்டு, ரொட்டித் துண்டு. எலும்பும் தோலுமாக ஒரு ஆண், ஒரு பெண். அவன் கை அவள் தோளில், ஆனால் முகம் வேறு பக்கம். விரல்களைப் பாருங்கள், மூட்டு மூட்டாக நீண்டு கிடக்கும். பசித்தவர்கள் வீட்டில் சோற்றுக்கு முன்னால் மது வந்து உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு வார்த்தை எழுதாமல் சொல்லிவிட்டார். புதுத் தகடு வாங்கக் காசில்லாததால் இன்னொருவர் நிலக்காட்சி வரைந்திருந்த பழைய துத்தநாகத் தகட்டைச் சுரண்டித்தான் இதைச் செய்தார். உற்றுப் பார்த்தால் அந்தப் பழைய புல் கொஞ்சம் இன்னும் தெரியும். ஊறுகாய் ஜாடியில் போன வருஷத்து வாசனை நிற்பது மாதிரி.

இதற்கு நேர் எதிர் ஸ்பானிய ஓவியர் ரிபெரா. 1628இல் நேப்பிள்சில் செய்த, கிரேக்க மதுக்கடவுளின் கூட்டாளியான குடிகாரச் சிலேனஸ் எட்சிங்கில் தொப்பை சரிய ஒருவன் தரையில் சாய்ந்து கிடக்கிறான், சுற்றிலும் கொண்டாட்டம். கோடுகளைப் பாருங்கள்: கொண்டாட்டம் எத்தனை ஆட்டம் போட்டாலும் ஒரு கோடுகூட ஆடவில்லை. குடித்தவனை வரைகிறவன் குடித்திருக்கக் கூடாது என்பதற்கு அந்தத் தகடே சாட்சி. ஸ்பானிய ஓவியர் கோயா 1778இல் தனக்கு முந்தைய வெலாஸ்கெசின் குடிகாரர் ஓவியத்தை எட்சிங்காக மாற்றினார். அந்தப் படத்தை நான் அதிகம் விரும்புவதில்லை. படிக்கிற பையன் பெரியவர் கையெழுத்தைப் பார்த்து எழுதியது போல இருக்கும். 1799இல் ‘காப்ரிச்சோஸ்’ என்ற வரிசையில் அதே கோயா அக்வாடின்டை எங்கே கொண்டுபோய் நிறுத்தினார் என்று பார்த்தால் இந்தப் பயிற்சி எதற்கென்று புரியும்.

கவிதைப் பக்கம் வந்தால் சங்கடம் அதிகம். கவிதையில் கோப்பை வந்தால் கோப்பையை வரைந்து, நிலா வந்தால் நிலாவை வரைந்து வைப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. நீங்கள் பார்த்த வரிசையிலும் நாலைந்து அப்படி இருந்திருக்கும் என்று உங்கள் வர்ணனையே சொல்கிறது. ஆங்கில ஓவியர் டேவிட் ஹாக்னி 1966, 67இல் கவாஃபி என்ற கிரேக்கக் கவிஞரின் பதினான்கு பாடல்களுக்குச் செய்த எட்சிங்குகள் எனக்கு ஏன் பிடிக்கும் என்றால், பாட்டில் இருப்பதை அவர் திரும்பச் சொல்வதே இல்லை. வெறும் கோடு, நிறையக் காலியிடம். பாட்டு முடிந்த பிறகு அறையில் என்ன மிச்சம் இருக்கும், அதை வரைந்திருக்கிறார்.

தமிழில் இதற்கு எனக்கு எப்போதும் கவிமணிதான் உதாரணம். உமர் கய்யாமின் மர நிழலும் மதுவும் கவிதை நூலும் 1859இல் பிட்ஜெரால்டு ஆங்கிலத்தில் செய்த பிறகு மெல்ல உலகம் சுற்ற ஆரம்பித்தன. கவிமணி அதைத் தமிழாக்கும்போது, நிழலில் இருப்பவன் கையில் கம்பன் கவியைக் கொடுத்துவிட்டார். மூலத்தில் கம்பன் எங்கே இருந்தான்? ஆனால் தேரூர்க்காரர் ஒருவர் மர நிழலில் சாய்ந்து உட்கார்ந்தால் கையில் வேறு என்ன இருக்கும்? படம் செய்கிறவர்களும் இந்த உரிமையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

விலை விஷயத்தை இங்கே முடித்துவிடுகிறேன். அந்த இருபது படங்களும் ஒரு படத்தின் நகல்கள் இல்லை; தகடு மூலப்படம்கூட இல்லை, அது வெறும் வழி. ஒவ்வொரு தாளுக்கும் தகட்டைச் சூடாக்கி, மையைக் கோட்டுக்குள் அழுத்தி, கஞ்சி போட்ட மல் துணியால் வட்டம் வட்டமாகத் துடைத்து, கடைசியில் உள்ளங்கையில் சீமைச் சுண்ணாம்புப் பொடியைத் தொட்டுக்கொண்டு வெறுங்கையால் ஒரு துடைப்பு. பிறகு நனைத்து ஒற்றி எடுத்த தாள், அதன் மேல் கம்பளி, உருளைக்கு நடுவில் ஒரு ஓட்டம். நன்றாகப் பழகியவருக்கே ஒரு தாளுக்கு அரைமணி நேரம் போய்விடும். இருபதாவது தாளில் துடைத்த கை முதல் தாளில் துடைத்த கையாக இருக்காது. தகடும் தேயும். தாமிரம் கொஞ்சம் தாங்கும், துத்தநாகம் சீக்கிரம் மழுங்கும், அக்வாடின்டின் மெல்லிய சாயல்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் போய்விடும். நான் சொன்ன பிக்காசோ தகட்டுக்கு 1913இல் எஃகு முலாம் பூசி வொலார் என்ற ஓவிய வியாபாரி 250 பிரதி எடுத்தார். முலாமுக்கு முன்னால் எடுத்த சிலவற்றுக்குத்தான் இன்றும் மவுசு. கறுப்பின் ஆழம் அதில்தான்.

வாங்குவதாக இருந்தால் ஒரு லென்ஸ் கொண்டு போங்கள். தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாக அமுங்கியிருக்க வேண்டும். கோட்டின் மேல் மை மேடாக நிற்க வேண்டும். லென்சில் வரிசை வரிசையாகப் புள்ளி தெரிந்தால் அது ஆஃப்செட். மைத்துளித் தெளிப்பு தெரிந்தால் கம்ப்யூட்டர் பிரின்ட், ‘ஜிக்லே’ என்று பெயர் எத்தனை பிரெஞ்சாக இருந்தாலும் சரி. கீழே பென்சிலில் 7/25 என்று இருந்தால் இருபத்தைந்தில் ஏழாவது என்று பொருள். இனி அச்செடுக்க முடியாதபடி தகட்டைக் குறுக்கே கீறி ரத்துசெய்துவிட்டார்களா என்று கேளுங்கள். கேட்டதும் கடைக்காரர் முகம் சுளித்தால் வெளியே வந்து ஒரு காபி குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுங்கள்.

இனி நம் ஊர்.

முதலில் கவிதை. வேலூர்க்காரர்கள் கள்ளுப் பாட்டு என்றால் உடனே அதியமானையும் ஔவையையும் நினைத்துத் தகடூருக்குப் போய்விடுகிறோம். அவ்வளவு தூரம் போக வேண்டாம். மலைபடுகடாம் நம்முடையது. அதன் தலைவன் நன்னன் இருந்த செங்கண்மா இன்றைய செங்கம். 1989இல் மாவட்டத்தைப் பிரிக்கும்வரை வட ஆர்க்காடுதான். பரிசில் தேடிப் போகும் கூத்தர்களுக்கு 583 அடியில் வழி சொல்கிற பாட்டு அது. மலைக்குடிகள் வீட்டில் என்ன கிடைக்கும் என்று சொல்லும்போது, மூங்கில் குழாயில் ஊறி விளைந்த தேறலை, அதாவது தெளிந்த கள்ளைச் சொல்கிறார் புலவர் பெருங்கௌசிகனார். அதை வயிறாரக் குடித்துத் தூங்கி எழுந்தால் விடியலில் தலை கனக்குமே, அதற்கும் வழி சொல்கிறார்: மூங்கிலரிசிச் சோறு, அதில் புளியும் மோரும் இறைச்சியும். முந்தின நாள் போதையின் மிச்சத்துக்குப் பாட்டில் வரும் சொல் ‘பழஞ்செருக்கு’. இதைவிட நல்ல சொல் இன்றைக்கும் நம்மிடம் இல்லை. ஜவ்வாது மலைப் பக்கம் ஒரு விடியற்காலை, மண்சட்டியில் ஆவி, சுவரில் சாய்த்த மூங்கில் குழாய், அதன் கணுவில் ஒரு ஈ. ஆளே வேண்டாம். இதை அக்வாடின்டில் செய்யுங்கள், பழஞ்செருக்கு தானாக வரும்.

இரண்டாவது, நடுகல். செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்திலிருந்து எழுத்தோடு கூடிய நடுகற்கள் நிறைய உண்டு. சிலவற்றில் வீரன் கால் பக்கம் ஒரு சின்னக் கெண்டி செதுக்கியிருக்கும். அதியமான் இறந்தபின் ஔவை பாடிய ஒரு பாட்டில், நட்ட கல்லுக்கு மயிற்பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சின்னக் கலத்தில் வார்க்கிறார்கள். அதை அவன் ஏற்பானா என்று ஔவை கேட்கிறாள். நாடே கொடுத்தாலும் வேண்டாம் என்பவன், இந்தச் சின்னக் கலத்தை ஏற்பானா? கல், கள், பாட்டு மூன்றும் ஒரே இடத்தில். மூன்றையும் ஒரே தகட்டில் வைக்க ஆசைப்பட்டுப் பல வருஷமாக நானே முட்டிக்கொண்டிருக்கிறேன்.

முட்டியதில் கிடைத்த ஒன்றைச் சொல்கிறேன். ‘நாரால் வடித்த’ என்றால் என்ன? நம் ஊரில் கள்ளை வடிப்பது பன்னாடையில். பனை மட்டையின் அடியில் வலை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்குமே, அது. நன்னூலில் கடைமாணாக்கனுக்கு நெய்யரி என்று உவமை வருகிறதே, அதற்குப் பன்னாடை என்றுதான் பொருள் சொல்வார்கள். நல்லதை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும். வகுப்பில் எத்தனை பேரை அந்தப் பெயரால் திட்டியிருப்பீர்கள், மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள். எட்சிங்கில் அதே பன்னாடைதான் முதல் பெஞ்ச். கிரவுண்டில் கொஞ்சம் கிரீஸ் சேர்த்தால் அது இறுகாமல் மெத்தென்று இருக்கும், சாஃப்ட் கிரவுண்ட். அதன் மேல் காய்ந்த பன்னாடைத் துண்டை விரித்து, மெழுகுத்தாள் வைத்து, உருளையில் லேசாக ஒரு ஓட்டம் விட்டுப் பன்னாடையை உரித்தெடுத்தால், நார் பட்ட இடத்தில் மட்டும் பூச்சு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். பிறகு கரைசலில் பதினைந்து நிமிடம். முதல் தடவை அச்செடுத்துத் தாளைத் தூக்கியபோது நார் நாராக, குறுக்கும் நெடுக்குமாக, ஒரு இடத்தில் முடிச்சோடு அப்படியே விழுந்திருந்தது. எந்த ஊசியாலும் அதை வரைய முடியாது. வரைந்திருந்தால் பொய்யாக இருந்திருக்கும்.

கள்ளை நேரில் பார்த்து வரையலாம் என்றால், தமிழ்நாட்டில் 1987இலிருந்து இறக்கத் தடை. பதநீர்க் கலயத்தை வைத்துச் சமாளிக்கலாம். நுரைதான் வராது.

பாட்டு வரியைத் தகட்டில் எழுதுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. செம்பில் பாட்டு வெட்டுவது நமக்குப் புதிதில்லை. உதயேந்திரம், வேலூர்ப்பாளையம் செப்பேடுகள் இரண்டும் பழைய வட ஆர்க்காட்டில் கிடைத்தவைதான், அரசர்களின் புகழ் சுலோகங்களாக அதில் இருக்கிறது. ஆனால் அது உளி வேலை, தகட்டையே படிப்பார்கள், எழுத்து நேராக இருக்கும். எட்சிங்கில் தாளில் விழும்போது இடம் வலமாகிவிடும். மாணவனாக இருந்தபோது ஒரு தகட்டில் இரண்டு நாள் உட்கார்ந்து கலயம் வரைந்து, கீழே அழகாகக் ‘கள்’ என்று எழுதினேன், நேராக. அச்சில் புள்ளி முன்னால் வந்து நிற்கிறது, ‘ள’ திரும்பிக்கொண்டு நிற்கிறது. அச்சுப் பட்டறையில் இருந்த பெரியவர் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “விடுப்பா, ரெண்டு கலயம் உள்ள போனவனுக்கு நேராத்தான் தெரியும்.” இப்போது டிரேசிங் தாளில் எழுதித் திருப்பிப் போட்டுத்தான் தகட்டுக்கு மாற்றுகிறேன். ‘ழ’வைத் திருப்பி எழுதிப் பாருங்கள், கை வலப்பக்கமே இழுக்கும்.

சாமான்கள். 18 கேஜ் செப்புத் தகடு பாத்திரப் பட்டறைக்காரர்கள் மூலம் கிடைக்கும். எட்டுக்கு ஆறு அங்குலத்துக்கு மேல் ஆரம்பத்தில் போகாதீர்கள். நைட்ரிக் அமிலம் வேண்டவே வேண்டாம், பழுப்புப் புகை நெஞ்சைப் பிடிக்கும், வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். தாமிரத்துக்கு ஃபெரிக் குளோரைடு போதும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேளுங்கள். இஞ்சினியரிங் மாணவர்கள் சர்க்யூட் போர்டு அரிக்க வாங்குவது இதையேதான். பெரிதாகப் புகை இல்லை, ஆனால் துணியில் பட்டால் துருக் கறை, வேட்டியோடு கிட்டப் போகாதீர்கள். அரித்த வண்டல் கோட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு மேற்கொண்டு அரிக்க விடாது என்பதால், தகட்டைச் செங்குத்தாக நிறுத்துங்கள், அல்லது வரைந்த பக்கத்தைக் கீழ்ப் பார்க்கப் போடுங்கள்.

நம் ஊர் வெயில் ஒரு தனிப் பாடம். குளிர்நாட்டுக் குறிப்பில் நாற்பது நிமிடம் என்று போட்டிருப்பதை அப்படியே நம்பி, ஒரு மே மாதம் மதியம் நான் தகட்டை உள்ளே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். சூட்டில் கரைசல் வேகமாகத் தின்னும். திரும்பி வந்தபோது நெருக்கமாக இருந்த கோடுகளுக்கு நடுவில் இருந்த சுவர்கள் எல்லாம் விழுந்து ஒரே பள்ளம். கிரவுண்டும் இளகி, ஊன்றிய கைரேகை அதில் பதிந்து கிடந்தது. அன்றிலிருந்து சித்திரை, வைகாசியில் விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் அரிப்பு வேலை, ஒரு துண்டுத் தகட்டில் நேரம் பார்த்துவிட்டுத்தான் நிஜத் தகடு. நனைத்த தாளும் ஃபேன் காற்றில் பத்து நிமிடத்தில் முறுக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் உறையில் அடுக்கி, மேலே ஒரு பலகை. தாள் பஞ்சுக் கூழில் செய்ததாக இருக்கட்டும், பாண்டிச்சேரிக் கைக்காகிதம் எனக்கு ஒத்துவருகிறது.

தீர்ந்த கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அதில் தாமிரம் இருக்கிறது, மீனுக்கு ஆகாது. சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டால் பொங்கும். பொங்கி அடங்கியதும் கீழே சேறாகப் படியும். அதை வடித்துக் காயவைத்து டப்பாவில் எடுத்து வையுங்கள். தோல் பட்டறைக் கழிவால் பாலாறு பட்டது 1996இல் உச்ச நீதிமன்றம் வரை போன கதை. நாமும் நம் பங்குக்குச் சேர்க்க வேண்டாம்.

பிரஸ்தான் பெரிய தலைவலி. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் கரும்பு பிழியும் மிஷின் பார்த்திருக்கிறீர்களே, எட்சிங் பிரஸ் அதன் அண்ணன்தான்: இரண்டு உருளை, நடுவில் ஓடும் இரும்புப் பலகை, அழுத்தம் கூட்ட இரண்டு திருகு. சென்னை கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமியின் மண்டல மையத்தில் அச்சுக் கூடம் இருக்கிறது, ஆர்.எம். பழனியப்பன் போன்ற அச்சு ஓவியர்கள் வேலை செய்த இடம். முதல் ஒன்றிரண்டு தகடுகளை அங்கே கொண்டுபோய் அச்செடுத்துப் பாருங்கள். அப்புறமும் பைத்தியம் தெளியவில்லை என்றால் ராணிப்பேட்டையில் லேத் பட்டறையில் உருளை கடைந்து வாங்கிக்கொள்ளலாம், நான் அப்படித்தான் செய்தேன். உருளையின் கனத்தில் கஞ்சத்தனம் பண்ணினேன், நடுவில் வளைந்து, தாளின் மத்தியில் அச்சு மங்கலாக விழுந்தது. இரண்டாவது உருளை கடைய வேண்டியதாயிற்று.

நிறம் வேண்டுமே என்று கேட்பீர்கள். உலக அளவில் அதற்கு வழி காட்டியவர்களில் ஒருவர் நமக்குப் பக்கத்து ஆள். கிருஷ்ணா ரெட்டி 1925இல் சித்தூர் மாவட்டத்தில் பிறந்தவர். அந்தச் சித்தூர் 1911 வரை வட ஆர்க்காட்டின் தலைநகர். சாந்திநிகேதனில் நந்தலால் போசிடம் படித்து, கலாக்ஷேத்ராவில் சொல்லிக்கொடுத்து, பாரிசில் ஹேய்டர் என்ற அச்சு ஓவியரின் பட்டறைக்குப் போனார். ஒரே தகட்டில் மேடு பள்ளமாக அரித்துவிட்டு, எண்ணெய் கூடின மை, குறைந்த மை என்று பதம் மாற்றி, மெத்தென்ற உருளையாலும் கெட்டி உருளையாலும் தேய்த்தால் ஒரு மை இன்னொரு மையை ஏற்காமல் விலகி நிற்கும். ஒரே ஓட்டத்தில் பல நிறம். கேட்க எளிது. மையின் பதம் பிடிபட எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் போயிற்று, இன்னும் சரியாக வரவில்லை. முதல் வரிசையைக் கறுப்பிலேயே செய்யுங்கள் சார். கறுப்போடு கொஞ்சம் பழுப்பு சேர்த்தால் மண்கலயத்துக்குப் பொருந்தும்.

பன்னிரண்டு படம் என்றெல்லாம் திட்டம் போடாதீர்கள். மூன்று தகடு: விடியற்காலைச் சட்டி, நடுகல், வெறும் கலயம். கலயத்தின் உள் இருட்டை மட்டும் ஆறு தடவை அரித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பட்டறையில்தான் இருப்பேன். வருவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் தகட்டுக்குச் சூடு காட்டி வைத்திருப்பேன். வரும்போது வழியில் எங்காவது பனைமரத்தடியில் நல்ல பன்னாடையாக இரண்டு பொறுக்கிக்கொண்டு வாருங்கள், என்னிடம் இருந்தது கிழிந்துவிட்டது.